விலையேற்றமும் வேண்டுதலும்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் விலைவாசியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். பொருள்நூல் கற்றோர் இவ்வவையிற் பலர் வீற்றிருக்க, இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிக்கும் ஒரு பள்ளியாசிரியனை ஏன் அழைத்தார்கள் என்று முதலில் திகைத்தோம். பின்னர் எண்ணிப் பார்க்குங்கால், மாதத்தில் இருபதாந் தேதிக்கு மேல் இப்பொருளை எம்மைப்போல் ஊன்றி ஆராய்வார் அதிகமாக இரார் என்பது புலனாயிற்று. அத்துணிவு பற்றியே வந்துள்ளோம். குற்றங் காணின் பெரியோர் பொறுத்தருள்வார்களாக.

எம்மிடம் பழைய கணக்கேடு ஒன்று உண்டு. எம் பாட்டனார் 1940-களில் தம் கையால் எழுதி வைத்தது. ரூபாய், அணா, பை என மூன்று பத்தியாகக் கோடு கிழித்து எழுதியிருக்கின்றார். பன்னிரண்டு பை ஓரணா, பதினாறணா ஒரு ரூபாய் என்னும் அக்கணக்கை 1957-இல் புதிய பைசா வந்த பின்னரும் அவர் விட்டாரல்லர் என்று எம் தந்தையார் சொல்லுவதுண்டு. அவ்வேட்டில் வருஞ் செலவினங்களை ஒருநாள் எண்ணிப் பார்த்தோம். உப்பு, புளி, மிளகாய், எண்ணெய், மண்ணெண்ணெய், தீப்பெட்டி, துணி, வைத்தியருக்குக் கொடுத்தது, கோயிலுக்குக் கொடுத்தது, மொய் எழுதியது, நிலவரி என்று இவற்றைச் சுற்றியே ஆண்டு முழுவதும் கணக்கு ஓடுகின்றது. நெல் வயலிலிருந்து வந்தமையால் அரிசி அதில் இல்லை. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டு அந்நாட்டு அரிசி வரவு நின்றுபோன போர்க்காலத்துப் பக்கங்களில் மட்டும், மண்ணெண்ணெய் என்பதற்கு எதிரே தொகையின்றிக் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருக்கின்றார்.

அவ்வேட்டில் எம்மை நிறுத்திய இடம் வேறொன்று. ஒரு பங்குனி மாதக் கணக்கின் அடியில் ‘சைக்கிள், யோசிக்க’ என்றிருக்கின்றது. சித்திரைக் கணக்கின் அடியிலும் அவ்வாறே. வைகாசியிலும் உண்டு. பின்பு சில மாதம் அக்குறிப்பைக் காணோம். கார்த்திகையில் மீண்டும் தலைகாட்டுகின்றது. மறு ஆண்டு ஆவணியிற்றான் சைக்கிள் வாங்கியதற்கான தொகை ஏறியிருக்கின்றது. ஒரு சைக்கிளுக்காக அப்பெரியவர் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு யோசித்திருக்கின்றார்.

எம் இல்லத்தில் இன்று யாம் எழுதுங் கணக்கில் முப்பத்தேழு இனங்கள் உள்ளன. மின்கட்டணமும் எரிவாயுவும் ஒருபுறம் இருக்க, நால்வர் கைப்பேசிக்கும் தனித்தனியே கட்டணம். வண்டித் தவணை, பெட்ரோல், கல்லூரிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு என்று பட்டியல் நீள்கின்றது. இவற்றுள் யாம் முதலில் அடிக்க நினைத்த வரி, கேனில் வாங்குந் தண்ணீருக்குரியது. அடிக்க முடியவில்லை. பாட்டனார் கிணற்றில் இறைத்துக் குடித்த நீர் உப்புக் கரித்துப் போய்ப் பல்லாண்டுகள் ஆயின. ஆகவே, செலவினம் பெருகியது முழுவதும் ஆசையினால் என்று கூறிவிடுதல் நேர்மையன்று. முன்பு விலையின்றிக் கிடைத்தவை சில இப்பொழுது விலைக்கு வந்துள்ளன. இதனை முதற்கண் ஒப்புக்கொண்டே மேற்செல்லல் வேண்டும்.

விலையேற்றம் மெய்யானது என்பதையும் ஒளிவின்றிச் சொல்லிவிடுகின்றோம். 2022 பிப்ரவரியில் உக்ரைன் நாட்டிற் போர் மூண்டது. அங்கிருந்து வரும் சூரியகாந்தி எண்ணெய் தடைப்பட்டது. ஏப்ரல் இறுதியில் இந்தோனேசிய அரசு பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தி வைத்தது. அத்தூர தேசங்களின் செய்தி எம் தெருமுனைப் பலகாரக் கடைக்கு நான்கு நாளில் வந்து சேர்ந்துவிட்டது. கடைக்காரர் வடையின் விலையை உயர்த்தவில்லை. வடையைச் சிறுக்கச் செய்தார். ஐந்து ரூபாய்ப் பிஸ்கோத்துப் பொட்டலமும் அவ்வாறே விலை மாறாமல் எடை குறைந்து வந்ததைத் தாய்மார்கள் அறிவார்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, அரசினர் நியாயவிலைக் கடைகளில் அறுபது ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. அதே கோடையில் சென்னையில் வீட்டு எரிவாயு உருளை ஒன்று ஆயிரத்து நூறு ரூபாய்க்கு மேல் விற்றது. இவை யாவும் அன்றாடங் கூலி பெறுவாரை அடித்த அடிகள். அவரை நோக்கி ‘ஆசையைக் குறைத்துக்கொள்’ என்று மேடையேறிக் கூறுவோன் அறிவிலி, அன்றேல் வன்னெஞ்சன். யாம் இன்று பேசுவது அவர்க்கன்று. மாதச் சம்பளமோ கடை வருவாயோ நிலமோ உடையவராய், எனினும் மாதந்தோறும் கடன்படுகின்ற நம்மையே நோக்கிப் பேசுகின்றோம்.

நம் கடனுக்கு அரிசியும் பருப்பும் எவ்வளவு காரணம் என்று பார்ப்போம். 1857-இல் ஜெர்மனி தேசத்து எங்கல் என்னும் கணக்கறிஞர் ஓருண்மையைக் கண்டு வெளியிட்டார். குடும்பம் வறியதாக வறியதாக, அதன் செலவில் உணவின் பங்கு பெருகும். வருவாய் உயர உயர அப்பங்கு குறையும் என்பது அது. நம் நாட்டரசினர் எடுக்குங் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலும் இவ்வுண்மை தெரிகின்றது. 1999-2000-இல் இந்திய நாட்டுப்புறக் குடும்பம் ஒன்று நூறு ரூபாய் செலவிட்டால் அதில் 59 ரூபாய் உணவுக்குச் சென்றது. 2023-24-இல் அது 47 ரூபாயாகியிருக்கின்றது. நகரத்தில் 48 ரூபாய் ஏறத்தாழ 40 ஆயிற்று. தானியத்திற்கு மட்டும் சென்ற பங்கு இன்னும் வியப்பானது. அக்காலத்தில் நாட்டுப்புறத்தார் நூற்றுக்கு 22 ரூபாய் அரிசி, கோதுமை முதலியவற்றிற்குக் கொடுத்தனர். 2022-23-இல் 5 ரூபாய்க்குள் முடித்துவிட்டனர். நியாயவிலைக் கடையின் உதவியும் இதில் உண்டு. நம் மாநிலத்தில் 1967-இல் ரூபாய்க்கு ஒரு படி என்று தொடங்கிய முயற்சி, 2008-இல் கிலோ ஒரு ரூபாயாகி, 2011 முதல் விலையில்லா அரிசியாகவே ஆயிற்று.

தானியத்தில் மிஞ்சிய பணம் எங்கே போயிற்று? அக்கணக்கெடுப்பே ஒரு பகுதி விடை தருகின்றது. பானங்கள், பொட்டலத் தின்பண்டங்கள், வெளியே வாங்கியுண்ணுஞ் சமைத்த உணவு ஆகியவற்றிற்கு முன்னர் நாட்டுப்புறத்தார் நூற்றுக்கு 4 ரூபாய் அளவே கொடுத்தனர். 2022-23-இல் ஏறத்தாழ 10 ரூபாய் கொடுத்திருக்கின்றனர். அஃதாவது உலையில் இடுஞ் சோற்றைப் போல் இருமடங்கு பணத்தை உறையில் அடைத்த தின்பண்டத்திற்கும் கடை உணவிற்கும் கொடுக்கின்றோம். எம் பள்ளியில் இடைவேளை மணி அடித்ததும் வாயிற்கடையில் நிகழும் நெரிசலைக் கண்டார்க்கு இக்கணக்கு ஐயமாகத் தோன்றாது. வீட்டில் முறுக்குச் சுடும் பாட்டிமார்களும் அருகிவிட்டார்கள் என்பது வேறு செய்தி.

நிற்க. எமக்குரிய துறையிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்கின்றோம். ‘வேண்டும்’ என்பது அச்சொல். ‘குழந்தைக்குப் பால் வேண்டும்’ என்கின்றோம். ‘எனக்குப் புதுக் கைப்பேசி வேண்டும்’ என்றும் சொல்லுகின்றோம். முதல் வாக்கியத்தில் அது இன்றியமையாமையைக் குறிக்கின்றது. இரண்டாவதில் விருப்பத்தைக் குறிக்கின்றது. நம் அன்றாடப் பேச்சு இரண்டிற்கும் ஒரே சொல்லை வைத்திருத்தலால், கேட்போர்க்கும் சொல்வோர்க்கும் இவற்றிடையே உள்ள எல்லை தெரியாமற் போகின்றது. ‘இன்றியமையாதது’ என்னுஞ் சொல்லோ தன் பொருளைத் தானே அளந்து காட்டும்: அஃது இன்றி அமையாது, அதாவது அஃது இல்லாமல் வாழ்க்கை நடவாது. இவ்வளவுகோலை எம் முப்பத்தேழு இனங்கள்மேல் வைத்துப் பார்த்தோம். பத்தொன்பது தேறின. எம் மகன் தன் இனங்கள் எல்லாம் தேறினவென்று வாதிட்டான். யாம் எம் காலைக் காப்பியைத் தேற்றிக்கொண்டோம். எம் இல்லாள் இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

ஆனால் அளவுகோல் அத்துணை எளிதன்று. 1776-இல் ஆடம் ஸ்மித் என்பார் ‘நாடுகளின் செல்வம்’ என்னும் பெருநூலில் இதனை ஆராய்ந்திருக்கின்றார். உயிர் தரிப்பதற்கு வேண்டியவை மட்டும் தேவைகள் அல்ல. எதுவின்றி ஒரு நாட்டில் மானமுள்ளவன் வெளியே வர நாணுவானோ அதுவும் தேவையே என்பது அவர் கருத்து. பண்டைக் கிரேக்கரும் உரோமரும் சணல்நூற் சட்டையின்றி நன்றாகவே வாழ்ந்தனர் என்றும், தம் காலத்துக் கூலியாள் அச்சட்டையின்றித் தெருவில் வர வெட்குவான் என்றும் எடுத்துக் காட்டுகின்றார்.

இதற்கு நம் பக்கத்திலேயே இதனினும் பெரிய சான்றுண்டு. தென் திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் குலப் பெண்கள் பல்லாண்டு அடியும் அவமதிப்பும் பட்டு, 1859-இல் அரசாணையின் வாயிலாக அதனைப் பெற்றனர். அவ்வாடையைத் தேவையற்றது என்றவர்கள், தாங்கள் உடுத்தியிருந்தவர்களே. செருப்பும் குடையும்கூடப் பல ஊர்களிற் பலருக்கு மறுக்கப்பட்டிருந்தன. ஆதலின் ஒருவனுடைய வேண்டுதலைக் கண்டு ‘உனக்கு இது எதற்கு?’ என்று கேட்குமுன் நாம் சற்றே நாவை அடக்குதல் நன்று. எளிமையைப் பிறர்க்குப் போதித்தல் மிக மலிவான அறம்.

எம் கண்முன்னே ஒரு விருப்பம் தேவையாக மாறியதையும் கண்டோம். 2020-இல் பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கைப்பேசியில் நடந்தன. அதற்கு முன் பல்லாண்டுகளாகப் பெற்றோர் கூட்டந்தோறும் ‘பிள்ளைகள் கையிற் கைப்பேசி கொடாதீர்கள்’ என்று முழங்கியவர்கள் யாம். அவ்வாண்டு யாமே வீடு வீடாகத் தொலைபேசியில் அழைத்து, ‘எப்படியாவது ஒன்று வாங்கிக் கொடுங்கள்’ என்று கெஞ்சினோம். எம் வகுப்பு மாணாக்கி ஒருத்தியின் தாய் தம் காதுத் தோட்டை அடகு வைத்து வாங்கிக் கொடுத்தார். அதனை ஆடம்பரம் என்று கூற எவர்க்கு நா எழும்? பள்ளி திறந்தபின் அத்தோடு மீண்டதா என்று யாம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தேவை இவ்வாறு காலத்தோடு நகர்கின்றது. அதனை நகர்த்துவது எது என்று நோக்கின், பெரும்பாலும் சுற்றியுள்ளார் கண்ணே அதனை நகர்த்துகின்றது. வணிகரும் இதனை நன்கறிவர். முற்காலத்தில் ஆசைக்கும் வாங்குதலுக்கும் இடையே பணம் சேர்க்குங் காலம் ஒன்று கிடந்தது. எம் பாட்டனாரின் ‘யோசிக்க’ என்பது அக்காலத்தின் பெயர். அதனைத் தவணை முறை அழித்துவிட்டது. இரவு பத்து மணிக்குப் படுக்கையிற் கிடந்தபடியே விரலால் ஒரு தொடுதல். பொருள் மறுநாள் வாயிலில் நிற்கும். பணம் பன்னிரண்டு மாதம் கழித்து முடியும். ‘வட்டியில்லாத் தவணை’ என்ற விளம்பரத்தை நம்பி மகிழ்வோர் ஒன்றை நினைவிற் கொள்க. 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, வட்டியே இல்லாத கடன் என்பது ஒன்றில்லை என்று கூறி, கடனட்டையில் அவ்வாறு விளம்பரஞ் செய்தலைக் கடிந்து வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. வட்டி வேறொரு பெயரில், விலையிலோ கட்டணத்திலோ ஒளிந்திருக்கும் என்பதே அதன் சாரம். விளம்பரம் அதன் பின்னும் நின்றபாடில்லை.

இனி, இவ்வவையில் யாம் பேச வந்த பொருளுக்கு வருகின்றோம். கைப்பேசியும் வண்டியும் நம் குடும்பங்களை இழுக்கின்றன. ஆயினும் கவிழ்ப்பது கலியாணமே.

தங்கத்தைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் ஆபரணத் தங்கம் பவுன் நாலாயிரம் ரூபாய்க்குங் கீழே இருந்தது. 2025 டிசம்பரிற் சென்னையில் அது ஒரு லட்சத்தைக் கடந்தது. எண்ணெய் விலை ஏறியபோது கடைக்காரர் வடையைச் சிறுக்கச் செய்தார் என்றோம். தங்கத்தின் விலை இத்தனை மடங்கு ஏறியபோது நாம் எதனைச் சிறுக்கச் செய்தோம்? முப்பது பவுன் என்று பேசிய வீட்டில் இன்றும் முப்பது பவுனே பேசுகின்றார்கள். ஐம்பது என்றவர்கள் ஐம்பதிலேயே நிற்கின்றார்கள். மற்றப் பொருள்களையெல்லாம் ரூபாயில் அளக்கின்ற நாம் மானத்தை மட்டும் பவுனில் அளக்கின்றோம். அவ்வளவையும் நம் முன்னோர் தந்ததன்று. பவுன் என்பது ஆங்கிலேயரின் பவுண்டு நாணயத்தின் பெயர். அப்பொற்காசின் எடையே ஏறத்தாழ எட்டுக் கிராம். தொன்றுதொட்ட குலவழக்கம் என்று நாம் தலைமேற் கொண்டாடுவது வெள்ளையர் காசின் நிறை.

சட்டத்தினால் இதனைத் திருத்த முயன்றதுண்டு. சீனப் போரை அடுத்து 1963 ஜனவரியில், நிதியமைச்சராயிருந்த மொரார்ஜி தேசாய், பதினான்கு காரட்டுக்கு மேற்பட்ட பொன்னில் நகை செய்தலாகாது என்று கட்டுப்பாடு கொணர்ந்தார். பொற்கொல்லர் பலர் தொழிலிழந்து துன்புற்றனர். மக்களின் பொன்னாசையோ குன்றவில்லை. சில ஆண்டிற் பதினான்கு காரட் விதி கைவிடப்பட்டது. பின்வந்த 1968-ஆம் ஆண்டுச் சட்டமும் 1990-இல் நீக்கப்பட்டது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961 முதலாக இருக்கின்றது. அதன் பலனை இவ்வவையோர்க்கு யாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எம்மிடம் பத்தாம் வகுப்புப் பயின்ற அன்பர் ஒருவர், நம்மவரே, பெயர் வேண்டா. இரண்டாண்டுகளுக்கு முன் தம் மகளுக்கு மணம் செய்வித்தார். அதற்காகத் தந்தை வழி வந்த ஓர் ஏக்கர் நஞ்சையை விற்றார் என்பது அப்பொழுது எமக்குத் தெரியாது. குளிர்சாதன மண்டபம். வாயிலிலிருந்து மேடை வரையில் வெளியூரிலிருந்து வந்த பூக்கள். தலைக்கு மேல் சிறு பறக்குங் கருவியொன்று இரைந்துகொண்டு படம் எடுத்தது. அவ்விரைச்சலில் மந்திரமும் கேட்கவில்லை, நாகசுரமும் கேட்கவில்லை. இலையில் இருபத்தாறு பதார்த்தங்களை எண்ணினோம். எழுந்திருக்கையில் எம் இலையிலும் பாதி எஞ்சிக் கிடந்தது. விடைபெறும்போது அவர் கையைப் பற்றி, ‘தம்பி, மிகச் சிறப்பாகச் செய்துவிட்டீர்’ என்று மனமாரப் பாராட்டினோம்.

எட்டு மாதங் கழித்து ஒரு மாலை எம் இல்லத்திற்கு வந்தார். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டும். கடனுக்கு யாம் பிணைக் கையெழுத்து இடவேண்டும் என்றார். அப்பொழுதே நஞ்சை விற்ற செய்தி வெளிவந்தது. யாம் ஆசிரியர் என்னும் உரிமையால், ‘இவ்வளவு ஆடம்பரம் எதற்குத் தம்பி? குறைத்துச் செய்திருக்கலாகாதா?’ என்று கேட்டுவிட்டோம். அவர் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்து, ‘ஐயா, அன்று குறைத்திருந்தால் நீங்களுங்கூடத்தான் பேசியிருப்பீர்கள்’ என்றார்.

கையெழுத்திட்டுக் கொடுத்தோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவர் கூறியது மெய். மண்டபத்துப் பந்தியில் அமர்ந்து, ‘பாயசம் நீர்த்திருக்கின்றது, முந்திரியைக் காணோம்’ என்று பிற கலியாணங்களில் யாம் பேசியதுண்டு. அவர் நஞ்சையை விழுங்கியவர்களில் யாமும் ஒருவர்.

மொய்யைப் பற்றியும் ஒரு சொல். அது பழிக்கத்தக்கதன்று. செலவு நேர்ந்த வீட்டிற்குச் சுற்றத்தார் ஆளுக்குச் சிறிது தாங்கிக்கொடுக்கும் நல்லேற்பாடு அது. புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கத்தில் கீரமங்கலம், பேராவூரணி முதலிய ஊர்களில் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து என்றே தனியாக நடத்தி, திரண்ட தொகையைக் கொண்டு தொழில் தொடங்குவோரும் கடன் தீர்ப்போரும் உளர். எழுதிய மொய் ஒருநாள் திரும்பச் செய்யவேண்டிய கடனே. எனினும் அது தாங்கும் கடன். நாம் செய்த பிழை, தாங்குவதற்கு வந்த பணத்தைப் பந்தலுக்கும் விளக்கிற்கும் இறைத்துவிட்டு, திருப்பிச் செய்யும் சுமையை மட்டும் வைத்துக்கொண்டது.

திருவள்ளுவர் செலவின் அளவைப் பற்றிய செய்தியை எவ்விடத்தில் வைத்தார் என்பதை எம் மாணாக்கர்க்கு வியந்து கூறுவதுண்டு. இல்லறவியலில் வைத்தாரல்லர். பொருட்பாலில், பகைமேற் செல்லும் அரசனுக்கு உரைக்கும் ‘வலியறிதல்’ என்னும் அதிகாரத்தின் கடைசியில் வைத்தார். வரவு சிறிதாயினும் செலவு அகலாதவரையிற் கேடில்லை என்னும் பொருளும், தன் அளவறியாது பிறர்க்கு உதவுவானுங்கூட விரைவிற் கெடுவான் என்னும் பொருளும் அங்கே உள்ளன. செலவு செய்தலை அவர் வலிமையின் பகுதியாக எண்ணினார் போலும். தன் படையின் அளவறியாது போருக்கெழும் அரசனும், தன் வரவறியாது பந்தல் இடுவோனும் அவர்க்கு ஒருவரே.

ஆயினும் தனியொருவன் இவ்வலியறிந்து நடக்க முயன்றால் யாது நிகழும்? எம் மாணாக்கர் கூறியதே நிகழும். குறைத்துச் செய்வானைக் கஞ்சன் என்பர். நொடித்துப் போனான் என்பர். அவன் மகளைக் கொண்ட வீட்டார் அப்பெண்ணிடமே குத்திக் காட்டுவர். நொடித்தவன் என்னும் பெயருக்கு அஞ்சி மெய்யாகவே நொடிப்பவர் நம்மில் எத்தனையோ பேர். ஆகையால் ‘சிக்கனமாயிருங்கள்’ என்று ஆளாளுக்கு உபதேசிப்பதால் பயனில்லை என்பது எம் துணிபு.

ஒரேயொரு காலத்தில் மட்டும் இப்பழிச்சொல் எழாதிருந்தது. 2020-இல் ஊரடங்கு நேர்ந்தபோது, திருமணத்திற்கு ஐம்பதின்மருக்கு மேற் கூடலாகாது என்று அரசினர் வரம்பிட்டனர். அவ்வாண்டு நம்மவர் வீடுகளில் நடந்த திருமணங்கள் ஐந்தாறுக்கு யாம் சென்றோம். சிலவற்றிற்கு அழைப்பே வரவில்லை, அதனால் எமக்கு வருத்தமும் இல்லை. வீட்டு முற்றத்திற் பந்தல். கிணற்றடியில் சமையல். மணமக்களின் முகத்தை அருகிலிருந்து கண்டு வாழ்த்தினோம். செல்வரும் ஐம்பதின்மரையே அழைத்தார். எளியவரும் ஐம்பதின்மரையே அழைத்தார். எவரையும் எவரும் கஞ்சன் என்றாரில்லை. அம்மணமக்கள் இப்பொழுது பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்த்துக்கொண்டிருக்கின்றனர். ஐம்பதின்மர் முன் மணந்தமையால் அவர்கள் இல்லறத்தில் யாதொரு குறையும் நேர்ந்ததாக யாம் கேட்டிலோம். தொற்று நீங்கிற்று; வரம்பும் நீங்கிற்று; அடுத்த தை மாதமே பழைய பந்தல்கள் இரு மடங்காக எழுந்தன.

அவ்வரம்பு செய்த நன்மைக்குக் காரணம் அதன் கடுமை அன்று. அஃது எல்லார்க்கும் பொதுவாக இருந்தமையே. நோய்க்கு அஞ்சி ஏற்ற ஒன்றை நாமே மனமொத்து ஏற்கலாகாதா என்பதே இவ்வவையின் முன் யாம் வைக்கும் வினா. சட்டத்திற்கு இயலாதது சுற்றத்திற்கு இயலும். ஏனெனில் நாம் அஞ்சுவது சட்டத்தையன்று, ஒருவர் மற்றவர் நாவையே.

யாம் கேட்பது பெரிதன்று. நம் சங்க மண்டபத்தில் நடக்குந் திருமணங்களுக்கு விருந்தினர் தொகைக்கும் பதார்த்தங்களுக்கும் இப்பொதுக்கூட்டமே ஓரளவு குறிக்கட்டும். நகையைப் பவுனிற் பேசுவதை நிறுத்துவோம்; எத்தனை பவுன் என்ற வினாவை மகளிரும் முதியோரும் வாயிலிருந்து விலக்குவார்களாக. இதில் எம் தாய்மார்களின் உதவி ஆடவரின் தீர்மானத்தினும் பெரிது. மிகுதியாகச் செலவிட வல்லவர், மிஞ்சுந் தொகையில் ஒரு பகுதியைச் சங்கத்தின் கல்வி நிதிக்குத் தரலாம். அந்நிதி இன்று மாணாக்கரின் விண்ணப்பங்களுக்குப் பாதியளவேனும் ஈடுகொடுக்க முடியாமல் இருப்பதைப் பொருளாளர் அறிவார். ஒன்று மட்டும் வற்புறுத்துகின்றோம். இவ்வளவை முதலிற் கைக்கொள்ளுவோர் எளியவராக இருத்தல் கூடாது. எளியவர் செய்தால் இல்லாமை என்பர். மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்கள் தம் இல்லங்களில் முதலிற் செய்துகாட்டினால் அதற்கு மதிப்பென்று பெயர் வரும். இதனைக் கூறுதற்காக எம்மை மறு ஆண்டு அழையாது விட்டாலும் வருந்தோம்.

பிறர்க்குச் சொல்லிவிட்டுத் தாம் ஒதுங்கினார் என்ற சொல் எமக்கு வரலாகாது. எம் மகளுக்கு மணம் பேசிக்கொண்டிருக்கின்றோம். இடம் நல்ல இடம், மணமகன் கற்றவர், எம் மகளுக்கும் இசைவு. சென்ற வாரம் பிள்ளை வீட்டாருக்கு எம் கையால் ஒரு கடிதம் எழுதினோம். கைப்பேசியிற் செய்தியாக அனுப்பலாம் என்று மகன் சொன்னான். இதற்குக் கடிதமே தகும் என்று தோன்றிற்று. திருமணம் சங்க மண்டபத்தில் நடைபெறும் என்றும், இரு வீட்டாரும் சேர்ந்து இருநூற்றுவரை அழைப்போம் என்றும், மகளின் பாட்டி அணிந்த நகைகளோடு தாலியும் அன்றிப் புதிதாக ஒன்றும் வாங்குவதற்கில்லை என்றும், மகளின் மேற்படிப்பிற்கு யாம் பட்ட கடன் இன்னும் இரண்டாண்டில் தீரும் என்றும் ஒளிக்காமல் எழுதியிருக்கின்றோம்.

இக்கூட்டத்திற்குப் புறப்படும் வரையில் மறுமொழி வரவில்லை. எம் இல்லாள் தபாற்காரர் வரும் நேரத்திற்குத் திண்ணையில் வந்து அமர்ந்திருக்கின்றார்.